120 நாள் நாற்காலியில், 79 நாள் படுக்கையில்: கார்ஃபீல்டுக்கு ‘ஆட்சி’ என்று ஒன்று இருந்ததா?

ஜூன் 11, காலை

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவின் 20ஆவது அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் 1881 மார்ச்சில் பதவியேற்றார், செப்டம்பரில் இறந்தார். அதிலும் பாதிக் காலம் படுக்கையில். இவருக்கெல்லாம் ஆட்சி என்று ஒன்று உண்டா? சுடப்பட்டதால்தானே பெயர் நிற்கிறது?”

ஆட்சி உண்டு, பெயர் நிற்பது சுடப்பட்டதால் மட்டும் இல்லை என்பதுதான் என் பதில். மார்ச் 4 முதல் ஜூலை 2 வரை அவர் நாற்காலியில் இருந்தது 120 நாள். அந்த 120 நாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை கண்டார். அரசாங்க வேலையை யார் கொடுப்பது? அதிபரா, அந்தந்த மாநிலத்தின் கட்சிப் பெருந்தலையா?

அன்றைக்கு அமெரிக்காவில் தபால்காரர் முதல் தூதர் வரை எல்லா வேலையும் கட்சிக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். நியூயார்க்கில் அந்தப் பங்கீட்டைத் தன் கையில் வைத்திருந்தவர் செனட்டர் ராஸ்கோ காங்க்ளிங். நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அலுவலகம்தான் அவருடைய கோட்டை. நாட்டுக்கு வந்த சுங்க வருமானத்தில் பெரும்பகுதி அந்த ஒரு கட்டடத்தின் வழியாகவே போனது. அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்டினார்கள். பெயருக்கு நன்கொடை, உண்மையில் கப்பம்.

மார்ச் 23 அன்று அந்தச் சுங்க அலுவலகத்தின் தலைமைப் பதவிக்கு காங்க்ளிங்கின் எதிரியான வில்லியம் ராபர்ட்சனின் பெயரை கார்ஃபீல்ட் செனட்டுக்கு அனுப்பினார். காங்க்ளிங் கொதித்துப்போனார். செனட்டில் ஒரு வழக்கம் இருந்தது: ஒரு மாநிலத்துக்கான நியமனத்தை அந்த மாநிலத்தின் செனட்டர் எதிர்த்தால் மற்றவர்கள் அவர் பக்கம் நிற்பார்கள். அதை வைத்து ராபர்ட்சனைத் தடுக்கப் பார்த்தார். கார்ஃபீல்ட் மே மாதத்தில் நியூயார்க்குக்கான மற்ற நியமனங்களை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டார். ராபர்ட்சனின் பெயர் மட்டும் மேசையில் நின்றது. இதற்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள், மற்றது பிறகு. மே 16 அன்று காங்க்ளிங்கும் சக செனட்டர் தாமஸ் பிளாட்டும் பதவி விலகினார்கள். நியூயார்க் சட்டமன்றம் தங்களைத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பும், அதிபரின் முகத்தில் கரி பூசலாம் என்பது கணக்கு. இரண்டே நாளில் ராபர்ட்சனின் நியமனம் நிறைவேறியது. சட்டமன்றம் இருவரையும் திருப்பி அனுப்பவே இல்லை.

120 நாளில் இது நடந்திருக்கிறது. நான்கு ஆண்டு முழுசாக உட்கார்ந்து எழுந்து போன அதிபர்களில் இவ்வளவு செய்தவர் எத்தனை பேர்?

ஜூன் 11, இரவு

எனக்கு கார்ஃபீல்டின் மேல் ஏன் இத்தனை அக்கறை என்று கேட்டவருக்கு: நான் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தேன். பித்தாகரஸ் தேற்றத்துக்கு ஓர் அமெரிக்க அதிபர் கண்டுபிடித்த நிரூபணத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் போட்டேன். பாடப்புத்தகத்தில் இருந்த நிரூபணத்துக்குத் தூங்கிய பிள்ளைகள் இதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜூன் 12

நேற்று எழுதியதில் திருத்தம். அந்த நிரூபணம் வெளியானது 1876இல், நியூ இங்கிலாந்தின் கல்வி இதழ் ஒன்றில். அப்போது அவர் அதிபர் அல்ல, பிரதிநிதிகள் சபை உறுப்பினர். சக உறுப்பினர்களோடு கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. இரு அவை உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு இல்லாமல் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இது என்ற குறிப்பும் அதனுடன் அச்சானது.

படம் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன், தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 4, 5 அளவுள்ள செங்கோண முக்கோணம் இரண்டு. ஒன்றைப் படுக்க வையுங்கள், இன்னொன்றை நிற்க வையுங்கள். ஒன்றின் 3 முடிகிற இடத்தில் மற்றதின் 4 தொடங்கட்டும், அடிக்கோடு 7 ஆகிவிடும். மேல் முனைகளை ஒரு கோட்டால் சேர்த்தால் ஒரு சரிவகம் கிடைக்கும். இணைபக்கங்கள் 3, 4. இடைத்தொலைவு 7. பரப்பு, 7 பெருக்கல் 7, அதில் பாதி: 24.5. இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து 12. கழித்தால் நடுவில் உள்ள முக்கோணத்துக்கு 12.5 மிஞ்சுகிறது. அது கர்ணத்தின் வர்க்கமான 25இல் சரிபாதி. எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டால் தேற்றம் முடிந்தது. ஒட்டு இல்லை, வெட்டு இல்லை, ஒரே ஒரு சரிவகம்.

ஜூன் 13

அவருடைய இளமைப் பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1831 நவம்பர் 19, ஓஹையோ மாநிலத்தில் ஒரு மரக்கட்டைக் குடிசையில் பிறப்பு. இரண்டு வயது நிரம்பும் முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். தாய் எலைசா நிலத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். பதினாறு வயதில் கால்வாய்ப் படகுக்கு வேலைக்குப் போனார் பையன். கரையில் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுக்கும் படகு. நீச்சல் தெரியாது, பல முறை தண்ணீரில் விழுந்தார். காய்ச்சலோடு வீடு திரும்பியவரைத் தாய் படிக்க அனுப்பினார்.

ஹைரம் ஊரில் இருந்த கல்வி நிலையத்தில் சேர்ந்து, கட்டணத்துக்காக அதே கட்டடத்தைக் கூட்டித் துடைத்தார். பிறகு அங்கேயே ஆசிரியர் ஆனார். மாசசூசெட்ஸில் இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரியில் 1856இல் பட்டம் பெற்றுத் திரும்பி வந்து, முப்பது வயதுக்குள் அந்த ஹைரம் நிலையத்துக்கே தலைவர் ஆனார். துடைப்பம் பிடித்த கூடத்துக்குத் தலைவர்!

உள்நாட்டுப் போரில் படைத்தலைவர். 1862 ஜனவரியில் கென்டக்கியின் மிடில் கிரீக்கில் வெற்றி. போர்க்களத்தில் இருக்கும்போதே பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வு. அங்கே பதினேழு ஆண்டுகள்.

ஜூன் 14

“ஒரு கையால் லத்தீனும் மறு கையால் கிரேக்கமும் ஒரே நேரத்தில் எழுதுவாராமே?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதை நானும் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அவர் இரண்டு மொழிகளையும் கற்பித்தவர் என்பது உண்மை. ஆனால் அப்படி எழுதியதை நேரில் பார்த்ததாக அந்தக் காலத்துச் சான்று எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆகவே விட்டுவிடுங்கள். சரிவகம் போதும்.

ஜூன் 17

1880 ஜூன், சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. இதைச் சொல்லாமல் காங்க்ளிங்கோடு வந்த மோதல் விளங்காது.

முன்னாள் அதிபர் கிராண்டை மூன்றாம் முறை கொண்டுவர காங்க்ளிங்கின் அணி வந்திருந்தது. எதிரே ஜேம்ஸ் பிளெய்ன். மூன்றாவதாக ஜான் ஷெர்மன். அந்த ஷெர்மனின் பெயரை முன்மொழியத்தான் கார்ஃபீல்ட் மேடை ஏறினார். முதல் சுற்றில் கிராண்டுக்கு 304. வெல்ல 379 வேண்டும். சுற்று மேல் சுற்று, யாரும் நகரவில்லை. 34ஆவது சுற்றில் விஸ்கான்சின் மாநிலத்தார் திடீரென்று 16 வாக்குகளை கார்ஃபீல்டுக்குப் போட்டார்கள். அவர் எழுந்து, “என் ஒப்புதல் இல்லாமல் என் பெயருக்கு வாக்குப் போட யாருக்கும் உரிமை இல்லை” என்ற பொருளில் ஆட்சேபம் எழுப்பினார். தலைவர் அவரை உட்காரச் சொல்லிவிட்டார். 36ஆவது சுற்றில் 399 வாக்குகள். வேட்பாளர் ஆகிவிட்டார்.

தோற்ற அணியைச் சமாதானப்படுத்த, துணை அதிபர் வேட்பாளராக காங்க்ளிங்கின் ஆளான செஸ்டர் ஆர்தரைச் சேர்த்தார்கள். அதே நியூயார்க் சுங்க அலுவலகத்தின் தலைமைப் பதவியில் இருந்து, 1878இல் அதிபர் ஹேஸால் நீக்கப்பட்டவர்தான் இவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

நவம்பரில் தேர்தல். எதிரே ஜனநாயகக் கட்சியின் ஹான்காக். இருவருக்கும் தலா 19 மாநிலங்கள். ஏறத்தாழ 90 லட்சம் வாக்குகளில் வித்தியாசம் பத்தாயிரத்துக்கும் கீழே. அதிபரை முடிவு செய்யும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கில் 214க்கு 155.

ஜூன் 18

இன்றைய தேதிக்கு ஒரு கதை இருக்கிறது. 1881 ஜூன் 18 அன்று சார்லஸ் கிட்டோ என்பவன் கைத்துப்பாக்கியோடு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் நின்றான். அதிபரின் மனைவி லுக்ரீஷியா மலேரியாவில் கிடந்து எழுந்தவர். கடற்கரைக் காற்றுக்காக அவரை அழைத்துப்போக கார்ஃபீல்ட் வந்தார். கணவரின் கையில் சாய்ந்துகொண்டு தள்ளாடி நடந்த அந்த அம்மாளைப் பார்த்ததும் கிட்டோவுக்குக் கை எழவில்லை. திரும்பிப் போய்விட்டான். பிறகு அவனே சொன்னது இது.

கிட்டோ யார்? தேர்தலின்போது கார்ஃபீல்டை ஆதரித்து ஓர் உரையை எழுதி அச்சடித்துக் கொடுத்தவன். கிராண்டுக்காக எழுதியதில் பெயரை மட்டும் மாற்றினான். அந்த உரைதான் தேர்தலை வென்று தந்தது என்று நம்பினான். கூலியாக முதலில் வியன்னா, பிறகு பாரிஸ் தூதரகப் பதவி கேட்டான். வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் வாரக்கணக்கில் நடந்தான். வெளியுறவு அமைச்சரான பிளெய்ன் கடைசியில் பொறுமை இழந்து, பாரிஸ் பேச்சை இனி என்னிடம் எடுக்காதே என்று விரட்டினார்.

அவன் மனநிலை பிறழ்ந்தவன் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவன் நின்ற வரிசை பிறழாத மனிதர்களால் நிரம்பியிருந்தது. அன்றைய அதிபர் காலைதோறும் வேலை கேட்டு வருபவர்களைப் பார்த்தே ஆகவேண்டும். இப்படி ஓர் இடத்துக்கு வர எந்த மனிதனாவது ஏன் ஆசைப்படவேண்டும் என்று அந்த ஜூனில் தன் நாட்குறிப்பில் எழுதினார் கார்ஃபீல்ட்.

அந்த வரிசையை எனக்குத் தெரியும். பட்டம் முடித்துப் பதிவு செய்துவிட்டு நான் ஏழு ஆண்டுகள் காத்திருந்தேன். மாதம் ஒருமுறை மஞ்சள் பையில் சான்றிதழ்களைப் போட்டுக்கொண்டு யாராவது ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில் உட்காருவேன். அவர் குளித்து, பூசை முடித்து, சாப்பிட்டு வெளியே வரும்போது எல்லாரும் எழுந்து நிற்போம். சிபாரிசுக் கடிதம் கையில் கிடைத்த நாளில் அதை ஈரம் படாமல் நோட்டுக்குள் வைத்து எடுத்துப்போனேன். அந்தக் கடிதத்தால் வேலை வரவில்லை. பதிவு மூப்பு வரிசைப்படி வந்தது. அந்தத் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிலருக்குக் கடைசிவரை வரவில்லை. தகுதியில் அவர்கள் என்னைவிடக் குறைந்தவர்கள் இல்லை.

ஜூன் 21

“நீங்கள் அவரைப் புனிதராக்குகிறீர்கள்” என்று ஒருவர். நியாயமான குற்றச்சாட்டு, நான் 329 டாலர் விஷயத்தைச் சொல்லவில்லை. கிரெடி மொபிலியே என்ற ரயில்பாதைக் கட்டுமான நிறுவனம் தன் பங்குகளைச் சபை உறுப்பினர்களுக்குச் சலுகையாகக் கொடுத்தது 1872இல் வெளிவந்தது. அதில் கார்ஃபீல்டுக்கு 329 டாலர் ஈவுத்தொகை கிடைத்தது என்று பங்கு விநியோகித்த ஓக்ஸ் ஏம்ஸ் சாட்சி சொன்னார். கார்ஃபீல்ட் மறுத்தார், அந்தத் தொகை கடன் என்றார். எனக்கு அந்த விளக்கம் நிறைவு தரவில்லை. 1880 தேர்தலில் எதிர்க்கட்சியினர் 329 என்ற எண்ணைச் சுவர்களில் எழுதிவைத்தார்கள்.

ஆனால் இன்னொன்றும் சொல்லவேண்டும். அவருடைய பதவியேற்பு உரையில் கறுப்பின மக்கள் அடிமைநிலையிலிருந்து முழுக் குடியுரிமைக்கு உயர்ந்ததை, 1787 அரசியல் சட்டத்துக்குப் பின் நடந்த மிக முக்கியமான மாற்றம் என்றார். தென்மாநிலங்களில் அவர்களுடைய வாக்குரிமை பறிக்கப்படுவதையும், கல்வியறிவில்லாமை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதையும் அந்த மேடையிலேயே பேசினார். அடிமையாகப் பிறந்து அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸை வாஷிங்டனின் பத்திரப் பதிவாளராக நியமித்தார். கறுப்பினத்தவரான முன்னாள் செனட்டர் பிளான்ச் புரூஸைக் கருவூலப் பதிவாளராக்கினார். அவர் உயிரோடு இருந்திருந்தால் தெற்கில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. பேசத் தொடங்கியவர் பேசி முடிக்கவில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஜூலை 2

இன்று அந்த நாள்.

1881 ஜூலை 2, சனிக்கிழமை காலை. பால்டிமோர் அண்ட் பொட்டோமக் ரயில் நிலையம். வில்லியம்ஸ் கல்லூரியில் அவர் வகுப்பு பட்டம் பெற்று 25 ஆண்டுகள் ஆகியிருந்தன, பழைய தோழர்களைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். பக்கத்தில் பிளெய்ன். கூடவே பயணத்துக்கு இரண்டு மகன்கள், ஹாரிக்குப் பதினேழு வயது, ஜிம்முக்குப் பதினைந்து. காவலர் ஒருவரும் இல்லை. லிங்கன் கொல்லப்பட்டு பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தும் அதிபருக்குக் காவல் போடும் வழக்கம் ஏற்படவில்லை. அந்த லிங்கனின் மகன் ராபர்ட், கார்ஃபீல்டின் போர்த்துறை அமைச்சர், அதே நிலையத்தில் இருந்தார். கிட்டோ பின்னால் இருந்து இரண்டு முறை சுட்டான். ஒன்று கையை உரசிச் சென்றது. ஒன்று முதுகில் வலப்பக்கம் நுழைந்தது. “இனி ஆர்தர்தான் அதிபர்” என்று அவன் சொன்னது ஆர்தருக்கு ஆயுள் முழுவதும் முள்ளாகத் தைத்தது.

குண்டு முதுகெலும்பைத் துளைத்துப்போய், கணையத்துக்குப் பின்னால் இடப்பக்கம் தங்கிவிட்டது. தண்டுவடம் தப்பியது. அப்படியே விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று இன்று மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலேயே போர்வீரர்கள் பலர் உடலில் குண்டோடு நடமாடினார்கள்.

நடந்தது வேறு. நிலையத்தின் தரையிலேயே மருத்துவர்கள் கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள். சிகிச்சையின் தலைமையை எடுத்துக்கொண்டவர் வில்லார்ட் பிளிஸ். பெற்றோர் அவருக்கு வைத்த முதல் பெயரே ‘டாக்டர்’. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். அதன்பிறகு தேடியது எல்லாம் வலப்பக்கம்.

தொலைபேசி கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் உலோகத்தைக் காட்டும் கருவி ஒன்றை ராப்பகலாகச் செய்து எடுத்துவந்தார். ஜூலை 26, ஆகஸ்ட் 1, இரண்டு முறை முயன்றார். வலப்பக்கம் மட்டும் தேட அனுமதி. மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்கள் வேறு. கருவி எங்கே வைத்தாலும் முனகியது. குண்டு உடம்பின் மறுபக்கம் கிடந்தது.

என் தகப்பனாருக்கு வயலில் மண்வெட்டி பட்டு வலது காலில் காயம். சர்க்கரை உள்ளவர் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். சித்தப்பா பிரித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் பிரித்துப் பார்த்து விரலால் அழுத்தி, “இங்கே வலிக்கிறதா?” என்றார். ஊசி போட வந்தவர் அதே கையால் கட்டி முடித்துவிட்டு, என் அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். அந்தக் கட்டுத் துணியின் ஓரம் பழுப்பேறிக்கொண்டே வந்தது இன்றும் என் கண்ணில் இருக்கிறது. எல்லாரும் அன்பால் வந்தவர்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. கார்ஃபீல்டின் காயத்துக்குள் விரல் விட்டவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கை தானாக என் காலைத் தடவிப் பார்க்கும்.

கார்ஃபீல்டின் எடை சுமார் 95 கிலோவிலிருந்து 59 கிலோவுக்கு இறங்கியது. வாய்வழி உணவு நிற்காதபோது மலக்குடல் வழியாக முட்டையும் மாட்டிறைச்சிச் சாறும் மதுவும் செலுத்தினார்கள். வாஷிங்டனின் வெக்கையைத் தணிக்கக் கடற்படைப் பொறியாளர்கள் பனிக்கட்டித் தண்ணீரில் நனைத்த துணிகளின் வழியே காற்றை ஊதி அறைக்குள் விட்டார்கள். அவர் புகார் சொல்லாத நோயாளி என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 3

79 நாளா, 80 நாளா என்ற கேள்வி. ஜூலை 2ஐக் கழித்து எண்ணினால் 79. இரண்டு முனைகளையும் சேர்த்தால் 80. இரண்டுமே சரி. நான் கழித்து எண்ணுகிறேன், பதவிக்காலத்துக்கும் அதே கணக்கு: 120ம் 79ம் சேர்ந்து 199.

ஜூலை 5

மருத்துவராக இருக்கும் ஒரு வாசகர் கோபப்பட்டிருக்கிறார்: “கிருமி பற்றி அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்றைய அறிவை வைத்து அவர்களைத் தூற்றலாமா?”

தெரியாது என்பதை நான் ஏற்கவில்லை. ஜோசப் லிஸ்டர் 1860களிலேயே காயத்தைக் கிருமியின்றி வைக்கும் முறையை வெளியிட்டுவிட்டார். 1876இல் பிலடெல்பியாவுக்கே வந்து அமெரிக்க மருத்துவர்கள் முன்னால் நின்று விளக்கினார். அதே ஆண்டு, அதே நகரத்தின் கண்காட்சியில்தான் பெல் தன் தொலைபேசியைக் காட்டினார். அதே ஆண்டுதான் கார்ஃபீல்டின் சரிவகமும். அவரைக் காப்பாற்றக்கூடிய அறிவு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த நாட்டின் கதவைத் தட்டியிருந்தது.

ஆனால் இரவு யோசித்ததில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். ‘மருத்துவர்கள் கொன்றார்கள்’ என்பது என் மனதில் இருந்த வாக்கியம். அது கிட்டோ நீதிமன்றத்தில் சொன்ன வாக்கியமும்கூட: நான் சுட்டது மட்டும்தான், கொன்றது மருத்துவர்கள். அவன் பக்கத்தில் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. சுட்டவன் அவன், 1882 ஜூன் 30 அன்று தூக்கில் ஏறினான். பிளிஸ் மீது எனக்குள்ள குறை அறியாமை அல்ல. வேறு மருத்துவர்களை விலக்கினார், தன் முடிவைச் சோதிக்க விடவில்லை, நாட்டுக்குத் தினமும் நம்பிக்கை அறிக்கை கொடுத்தார்.

நிலையத்துக்கு முதலில் ஓடிவந்தவர்களில் சார்லஸ் பர்விஸ் என்ற கறுப்பின மருத்துவரும் ஒருவர், அதிபர் ஒருவருக்குச் சிகிச்சை தந்த முதல் கறுப்பின மருத்துவர். போர்வை போர்த்தி வெப்பம் கொடுக்கச் சொன்னார். அவரும் பிறகு ஓரங்கட்டப்பட்டார்.

ஜூலை 8

“அந்த 79 நாளும் நாட்டை யார் ஆண்டது?” நல்ல கேள்வி. யாரும் ஆளவில்லை என்பதே விடை. அதிபர் செயலிழந்தால் துணை அதிபர் எப்போது, எப்படிப் பொறுப்பேற்பது என்பது அரசியல் சட்டத்தில் தெளிவாக இல்லை. ஆர்தர் பொறுப்பேற்க மறுத்து நியூயார்க்கிலேயே இருந்துவிட்டார். ஏற்கெனவே கொலையில் அவருக்குப் பங்கு உண்டோ என்று சிலர் முணுமுணுத்தார்கள். அமைச்சர்கள் அவரவர் துறையைப் பார்த்தார்கள். அந்த நாள்களில் கார்ஃபீல்ட் செய்த ஒரே அரசுப் பணி, ஆகஸ்டில் ஒரு குற்றவாளியை ஒப்படைக்கும் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டது. இந்த ஓட்டையை அடைத்த 25ஆவது திருத்தம் வந்தது 1967இல்தான்.

ஜூலை 9

எல்பரான் பற்றி மறந்துபோனேன். கடலைப் பார்க்கவேண்டும் என்று கார்ஃபீல்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். செப்டம்பர் 6 அன்று ரயிலில் நியூ ஜெர்சியின் எல்பரான் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். நிலையத்திலிருந்து வீட்டு வாசல்வரை உள்ளூர் மக்கள் இரவோடு இரவாகத் தண்டவாளம் போட்டார்கள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கடைசி மேட்டில் இன்ஜினால் ஏற முடியவில்லை. நின்றிருந்த ஆண்கள் பெட்டியைக் கையால் தள்ளி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பதின்மூன்று நாள் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் 19, இரவு 10.35. வயது 49.

அந்தத் தண்டவாளத்தின் கட்டைகளை வாங்கி ஒரு நடிகர் சிறிய தேநீர் வீடு கட்டினார். அது இன்னும் அந்த ஊரில் இருக்கிறது.

ஜூலை 14

இப்போது ஆர்தர். நள்ளிரவு தாண்டி 2.15க்கு, நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூ வீட்டின் கூடத்தில் பதவி ஏற்றார். நாடே நடுங்கியது. சுங்க அலுவலகப் பேர்வழி, காங்க்ளிங்கின் கைப்பாவை, இனிக் கொள்ளைதான் என்று எழுதாத பத்திரிகை குறைவு.

அவர் 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு. ஊழியரிடம் கட்சிக்கு வசூலிப்பதற்குத் தடை. தொடக்கத்தில் பத்து வேலையில் ஒன்றுக்கு மட்டும் இது பொருந்தியது, பிறகு வந்த அதிபர்கள் அதை விரித்தார்கள்.

இதில் நம் பக்கத்துக்கு ஒரு நூல் ஓடுகிறது. இந்தச் சட்டத்தை வரைய உதவி, முதல் தேர்வாணையத்தின் தலைவரும் ஆன டோர்மன் ஈட்டன், அதற்கு முன் பிரிட்டனுக்குப் போய் அங்கே நடந்த தேர்வு முறையைப் படித்து 1880இல் நூலாக வெளியிட்டவர். பிரிட்டனின் அந்த முறைக்கு வித்து, 1854இல் நார்த்கோட்டும் சார்லஸ் டிரெவெல்யனும் கொடுத்த அறிக்கை. அந்த டிரெவெல்யன்தான் 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்தவர். இந்திய சிவில் சர்வீஸுக்கு லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது 1855இல், அமெரிக்காவுக்கு 28 ஆண்டுகள் முன்னால். நம்மவர் அந்தத் தேர்வை எழுதக் கடல் கடக்கவேண்டியிருந்தது என்பது வேறு துயரம்.

ஜூலை 15

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தபோது உறுத்தியது. கார்ஃபீல்ட் இறந்தார், நாடு மனம் மாறியது, சட்டம் வந்தது என்று ஒரே கோடாகப் போட்டுவிட்டேன். இடையில் ஒன்று இருக்கிறது. 1882 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் தோற்றது. அடுத்து எதிர்க்கட்சி வந்தால் தங்கள் ஆட்கள் எல்லாரும் வேலை இழப்பார்களே என்ற பயமும் அவசரமாகச் சட்டத்தை நிறைவேற்றியதில் உண்டு. தியாகத்தால் மட்டும் வந்த சட்டம் அல்ல. ஆனால் கட்சிகளுக்கு அந்தப் பயம் எப்போதும் இருந்தது, சட்டம் மட்டும் அதற்கு முன்னால் வரவில்லை. ஆகவே என் முதல் பதிலில் பாதியை வைத்துக்கொள்கிறேன்: அதிபர்தான் நியமிப்பார் என்பதை கார்ஃபீல்ட் உயிரோடு இருந்தபோது வென்றார். அந்த அதிபரும் இஷ்டம்போல் நியமிக்கக்கூடாது என்பது அவர் இறந்த பிறகு வந்தது. அதை அவர் கணக்கில் முழுவதும் எழுத முடியாது.

ஜூலை 20

ஆர்தர் ஏன் மாறினார் என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். முழு விடை என்னிடம் இல்லை, ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. ஜூலியா சாண்ட். நியூயார்க்கில் அண்ணன் வீட்டில் நோயோடு இருந்த, திருமணமாகாத, முப்பது கடந்த பெண். அரசியலில் யாரும் இல்லை. கார்ஃபீல்ட் இன்னும் படுக்கையில் கிடந்த 1881 ஆகஸ்ட் 27 அன்று ஆர்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்கள் உங்களை விரும்பவில்லை, உங்களை நினைத்து அஞ்சுகிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். உங்களுக்குள் உண்மையான மேன்மையின் பொறி ஒன்று இருந்தால் அது ஒளிர வேண்டிய நேரம் இது, திருந்துங்கள் என்றார். பிறகும் எழுதினார், மொத்தம் 23 கடிதங்கள். 1882இல் சீனக் குடியேற்றத்தை 20 ஆண்டுகள் தடுக்கும் மசோதாவை ஆர்தர் நிராகரித்தபோது பாராட்டினார். அடுத்த மாதமே பத்தாண்டுத் தடைக்கு ஆர்தர் கையெழுத்திட்டது அவர் ஆட்சியின் கறை, அதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

1882 ஆகஸ்ட் 20 மாலை, முன்னறிவிப்பு இல்லாமல் அந்த வீட்டு வாசலில் அதிபரின் வண்டி வந்து நின்றது. ஆர்தர் இறங்கி உள்ளே போனார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்.

1886இல் இறப்பதற்கு முன் தன் தாள்களில் பெரும்பகுதியை ஆர்தர் எரிக்கச் செய்தார். மூட்டை மூட்டையாக எரித்தார்கள். ஜூலியாவின் 23 கடிதங்கள் மட்டும் தனியே எடுத்துவைக்கப்பட்டுப் பேரனிடம் வந்து சேர்ந்தன. 1958இல் நூலகத்துக்குப் போனபோதுதான் இப்படி ஒரு பெண் இருந்தது உலகுக்குத் தெரிந்தது.